மூளைப் படமும் மூன்று கடிகாரங்களும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நெய்பவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் தறிக்குழியில் காலை இறக்கி, முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்புவலியும் முழங்கால்வலியும் இத்தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை. மாத்திரை விழுங்கிச் சலித்துப் போனவர்கள் வேறு வழி தேடும்போது, இன்றைய தமிழ்நாட்டில் எளிதில் கண்ணில் படுவது அக்குபங்சர் என்னும் சீன ஊசி மருத்துவம். அவ்வாறு போகிறவர்களிடமும், பள்ளி கல்லூரி மாணவர்களிடமும் ஒரு சான்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. "ஊசி குத்தியதும் மூளையில் மாற்றம் உண்டாவதை வெளிநாட்டில் படமே பிடித்து விட்டார்கள்" என்பது அது.

இந்தச் சான்று எவ்வளவு தூரம் நிற்கும்? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. ஊசி மருத்துவம் நல்லதா, கெட்டதா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். மூளையைப் படமெடுத்த ஆய்வாளர்கள் நேரத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதை மட்டும் ஆராய்வோம். ஏனெனில் எந்த அளவீட்டிலும் எதை அளந்தோம் என்பதைப் போலவே எப்போது அளந்தோம் என்பதும் முக்கியம். இந்த ஆய்வுகளில் மூன்று கடிகாரங்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பியதால் விளைந்த பிழைகள் பல.

நம் நாட்டுக்கு அக்குபங்சர் வந்த கதை பலரும் அறிந்ததே. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸ் இருந்தார். அதே குழுவில் இருந்தவர் டாக்டர் விஜயகுமார் பாசு. அவர் பிற்காலத்தில் மீண்டும் சீனம் சென்று இம்முறையைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் தொடங்கி வைத்தார். அந்நாளில் அதற்கு ஆதாரம் நோயாளிகளின் அனுபவம் மட்டுமே. மூளைப் படம் என்ற புதிய ஆதாரம் 1990களில்தான் வந்து சேர்ந்தது.

முதல் கடிகாரம்: இரத்தத்தினுடையது

எம்.ஆர்.ஐ. எந்திரம் நரம்பு அணுக்களின் வேலையை நேரில் பார்ப்பதில்லை. அது பார்ப்பது இரத்தத்தை. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் ஹீமோகுளோபினின் காந்தப் பண்பை அளந்தார்கள். ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபின் டயா காந்தத் தன்மை கொண்டது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் பாரா காந்தத் தன்மை கொண்டது என்று கண்டார்கள். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் இந்த வேறுபாட்டைக் கொண்டே மூளையின் செயலை அறியலாம் என்று காட்டினார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே தேவைக்கும் மிகுதியாகப் புது இரத்தம் பாய்கிறது. பாரா காந்த ஹீமோகுளோபின் குறைகிறது. அதனால் காந்தப்புலத்தில் அது உண்டாக்கும் கலக்கமும் குறைகிறது. எந்திரம் பெறும் சமிக்ஞை சற்றே உயருகிறது. அந்த உயர்வு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அளவே.

இந்த உயர்வு உடனே தோன்றுவதில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நரம்பு தூண்டப்பட்டு ஓரிரு வினாடி கழித்துத் தொடங்கி, 5 அல்லது 6 வினாடியில் உச்சத்தை அடைந்து, பிறகு சிறிது சிறிதாக இறங்கி, அடிநிலைக்குக் கீழேயும் போய்த் திரும்புகிறது. கண்முன் விளக்கைக் காட்டி அணைத்தால், பார்வைப் பகுதியின் சமிக்ஞை இந்தத் தாமதத்தோடு ஏறி இறங்கும். ஆகவே பெரும்பாலான ஆய்வுகளில் அரை நிமிடம் தூண்டுதல், அரை நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றி அமைத்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து விடை காண்கிறார்கள். விளக்குக்கும் ஒலிக்கும் விரல் அசைவுக்கும் இம்முறை நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படத்தில் நாம் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையில் எரியும் ஒளியல்ல. புள்ளியியல் கணக்கின்படி கணிப்பொறி பூசிய வண்ணம். மூளையைச் சிறுசிறு கனசதுரங்களாகப் பிரித்து, 50,000 இடங்களில் தனித்தனியே சோதிக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். ஆயிரத்துக்கு ஒருமுறை தற்செயலாகத் தவறும் சோதனையானாலும், எதுவுமே நிகழாத மூளையில் 50 இடங்கள் வண்ணமாகத் தெரியும். இதை எடுத்துக் காட்டவே 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சால்மன் மீன் ஒன்றை எந்திரத்தில் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். தக்க திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது செத்த மீனின் மூளையும் 'வேலை' செய்தது! திருத்தம் செய்ததும் அந்த வண்ணம் மறைந்தது.

1998இல் எழுந்த பரபரப்பு

அக்குபங்சரையும் மூளைப் படத்தையும் இணைத்துப் பேசும் பலர் அறிந்தோ அறியாமலோ நம்பி நிற்பது 1998ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் வெளியிடும் புகழ்பெற்ற ஆய்விதழில் அது வந்தது. முதன்மை ஆசிரியர் சாங் ஹீ சோ, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பணியாற்றிய கொரிய இயற்பியலாளர். பெட் எனப்படும் மற்றொரு மூளைப் பட எந்திரத்தை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். எனவே கருவி தெரியாதவர் எழுதியது என்று அதைத் தள்ளிவிட முடியாது.

காலின் வெளிப்புறத்தில், சுண்டுவிரலை ஒட்டிச் சில புள்ளிகள் கண்நோய்க்கு உரியவை என்பது சீன மரபு. 12 பேரிடம் அப்புள்ளிகளில் ஊசி குத்தித் தூண்டினார்கள். மூளையின் பின்பக்கத்தில் உள்ள பார்வைப் பகுதியில் சமிக்ஞை மாறியதாம். கண்ணுக்கு நேரே வினாடிக்கு 8 முறை ஒளியை மின்னச் செய்தபோது கிடைத்த படத்தை இது ஒத்திருந்ததாம். புள்ளியிலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளிக் குத்தியபோது மாற்றம் இல்லையாம். காலில் குத்தினால் கண்ணின் மூளை விழிக்கிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை.

ஆனால் அக்கட்டுரையை ஊன்றிப் படிப்பவர்க்கு அன்றே இரண்டு ஐயங்கள் தோன்றியிருக்க வேண்டும். முதலாவது, சிலரிடம் சமிக்ஞை ஏறியது, சிலரிடம் இறங்கியது. இவ்வேறுபாட்டை 'யின்', 'யாங்' என்ற சீன மரபின் உடல்வகைகளோடு ஆசிரியர்கள் பொருத்திக் காட்டினார்கள். ஏறினாலும் கொள்கைக்கு வெற்றி, இறங்கினாலும் வெற்றி என்றால், எந்த விடை வந்தால் கொள்கை தோற்கும்? யாருக்கு ஏறும், யாருக்கு இறங்கும் என்று முன்கூட்டியே எழுதி முத்திரையிட்டு, புதிதாகப் பலரிடம் சோதித்து வென்றிருந்தால் அது சான்று. 12 பேர் அதற்குப் போதாது.

இரண்டாவது ஐயம் நேரத்தைப் பற்றியது. ஊசியின் பலன் மெல்லத் தோன்றி நெடுநேரம் தங்குவது என்று அத்துறையினரே சொல்லி வந்தார்கள். அப்படியானால், கண்முன் மின்னும் விளக்கைப் போலத் தூண்டும்போது தோன்றி, நிறுத்தும்போது மறையும் ஒரு மாற்றம் அந்தப் பலனாக இருக்க முடியுமா? குத்தும்போது உண்டாகும் உணர்ச்சி, அதன்பால் திரும்பும் கவனம், இவற்றின் சாயலாக அல்லவா அதைக் கொள்ள வேண்டும்?

மற்ற ஆய்வுக்கூடங்கள் இதைச் சோதித்துப் பார்த்தன. பார்வைக்கு உரியது எனப்படும் மற்றொரு புள்ளி கீழ்க்காலில் உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2002இல் அங்கே ஊசியைத் தூண்டிப் பார்த்தும் பார்வைப் பகுதியில் எதிர்பார்த்த சமிக்ஞையைக் காணவில்லை. 2009இல் பாஸ்டன் நகரின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜியான் காங் குழுவினர் மின்தூண்டலோடு சோதித்தார்கள். பார்வைப் புள்ளிகளைத் தூண்டினாலும் சரி, பார்வைக்குத் தொடர்பில்லாத இடத்தைத் தூண்டினாலும் சரி, பார்வைப் பகுதியின் சமிக்ஞை குறையவே செய்தது. இதில் புள்ளிக்குப் புள்ளி வேறுபாடு இல்லை. உடலின் ஓரிடத்தில் உறைக்கும் உணர்ச்சி கவனத்தை இழுக்கும்போது பார்வைப் பகுதி சற்று அடங்குவது இயல்பான நிகழ்ச்சியே.

இதற்கு முன்பே, 2006இல், சாங் ஹீ சோ உள்ளிட்ட ஆசிரியர்கள் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். வலி, வலி தணிப்பு ஆகியவற்றைப் பொறுத்தவரையாவது புள்ளிக்குரிய தனிப் பலன் இல்லை என்ற முடிவுக்குத் தாங்கள் வந்துவிட்டதாகவும், பழைய முடிவுகளோடு தாங்கள் இப்போது உடன்படவில்லை என்றும் அதே இதழில் அறிவித்தார்கள். தம் கட்டுரையைத் தாமே மறுத்தது அறிவியலுக்குப் பெருமை தரும் செயல். வருத்தம் என்னவென்றால், 1998இன் செய்தி போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் 2006இன் செய்தி போய்ச் சேரவில்லை.

இரண்டாவது கடிகாரம்: ஊசியினுடையது

இனி இந்தக் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஊசியின் பலன் எவ்வளவு நேரம் தங்கும்?

1973இல் பீக்கிங் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஓர் அழகான அளவீட்டைச் செய்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள 'ஹெகு' என்ற புள்ளியில் ஊசி குத்தி, தோலில் வலியை உணரத் தொடங்கும் எல்லை எப்படி உயருகிறது என்று நேரத்தோடு அளந்தார்கள். அது சட்டென்று உயரவில்லை. பல நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொட்டது. ஊசியை எடுத்த பிறகும் உடனே விழவில்லை. கதிரியக்கம் தேய்வதைப் போல மெல்லத் தேய்ந்தது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 16 நிமிடம்.

அரை ஆயுட்காலத்தைக் கதிரியக்கப் பாடத்தில் மட்டும் படித்திருக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சிக் கணக்கு. அரை ஆயுட்காலம் 16 நிமிடமானால், ஒரு நிமிடம் கழித்து எஞ்சியிருப்பது எவ்வளவு? இரண்டின் பதினாறாம் மூலத்தால் ஒன்றை வகுத்தால் ஏறத்தாழ 0.96 வரும். அதாவது ஒரு நிமிட ஓய்வில் நூற்றுக்கு 4 பங்குதான் தேய்கிறது. 8 நிமிடம் கழித்தும் 71 பங்கு மிச்சமிருக்கும். மூளையில் நிகழும் மாற்றமும் இதே வேகத்தில் தேய்வதாக வைத்துக் கொள்வோம். ஒரு நிமிடம் ஊசியைத் திருகி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நமக்குக் கிடைப்பது என்ன? பலனில் 96 பங்கு இரு பக்கமும் சமமாக இருப்பதால் கழிந்து போகிறது. எஞ்சுவது குத்திய உணர்ச்சி மட்டுமே.

நெசவு ஊர்களில் உள்ளவர்களுக்கு இதைக் கணக்கின்றியே விளக்கலாம். பட்டுநூலுக்குச் சாயமேற்றும் கொதிதொட்டியின் அடுப்பை ஒரு நிமிடம் எரியவிட்டு, ஒரு நிமிடம் அணைத்து, மாற்றி மாற்றி வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அடுப்பு எரிந்தபோதும் அணைந்தபோதும் தொட்டி ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். 'எனவே அடுப்புக்கும் தொட்டியின் சூட்டுக்கும் தொடர்பில்லை' என்று முடிவு கட்டினால் சாயக்காரர் சிரிப்பார். அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு முறையும் மூட்டிய பிறகு ஒரு முறையும் அல்லவா அளந்திருக்க வேண்டும்? ஊசி மருத்துவத்தை ஆராய்ந்த பலர் விளக்குக்கு உரிய முறையைத் தொட்டிக்குப் பயன்படுத்தினார்கள். அதனால் ஒரே புள்ளியைப் பற்றி வெவ்வேறு குழுக்கள் முரணான முடிவுகளை வெளியிட்டதில் வியப்பில்லை.

இக்குறையைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி தியான் குழுவினர். ஒரே ஒரு முறை ஊசியைத் திருகிவிட்டு, பிறகு அசைக்காமல் நெடுநேரம் படமெடுக்கும் முறையை 2008 முதல் அவர்கள் முன்வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு புள்ளியைத் தூண்டி 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அச்சத்தோடும் வலியின் துயரத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா என்னும் பகுதி, ஊசியைத் திருகும்போது கிளர்ச்சி பெற்றது. பிறகு படிப்படியாக அடங்கி, அடிநிலைக்கும் கீழே சென்றது. முன்பாதியை மட்டும் பார்த்தவர் 'கிளர்ச்சி' என்பார். பின்பாதியை மட்டும் பார்த்தவர் 'அடக்கம்' என்பார். இருவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த எதிர்ப்பு நியாயமானது, பாராட்டத் தக்கது. ஆயினும் அதனுள் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

மெதுவான மாற்றத்தை அளக்கப் புகுந்தால், மெதுவாக மாறும் மற்ற எல்லாமும் கூடவே வந்து சேரும். எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் சமிக்ஞையே நிமிடக் கணக்கில் மெல்ல நகரக் கூடியது. இதனால்தான் பரவலாகப் பயன்படும் கணிப்பு நிரல் ஒன்று 128 வினாடிக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்களை நீக்கிவிடும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. படுத்திருப்பவர் கால் மணி நேரத்தில் அரைத்தூக்கத்தில் ஆழ்கிறார். தலை மில்லிமீட்டர் அளவில் சரிகிறது. முதலில் இருந்த பயம் தெளிகிறது. அமிக்டலா அடங்கியது ஊசியாலா, பயம் தெளிந்ததாலா? வேகமான முறையில் இந்தத் தொல்லைகள் கழிந்து போயின, ஊசியின் பலனும் சேர்ந்து கழிந்தது. மெதுவான முறையில் பலன் மிஞ்சியது, தொல்லைகளும் சேர்ந்து மிஞ்சின. இயற்பியலில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

இதற்கு மாற்று ஒன்றுண்டு. அதே நேர அமைப்பில், அதே நீளத்துக்கு, போலியான ஊசியைக் கொண்டு ஒரு குழுவையும், ஊசியே இல்லாமல் ஒரு குழுவையும் படமெடுக்க வேண்டும். மாற்றம் எந்த வேகத்தில் ஏறி எந்த வேகத்தில் தேயும் என்பதைப் படமெடுக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பின்னால் வளைகோட்டைப் பார்த்துவிட்டு 'பலன் தாமதமாக வந்தது' என்று சொல்வது எப்போதும் எளிது. விடை வந்த பிறகு கேள்வியை எழுதுவதற்கு அது ஒப்பாகும்.

மூன்றாவது கடிகாரம்: நோயாளியினுடையது

எந்திரத்தில் படுத்திருப்பவர் பெரும்பாலும் நோயில்லாத இளைஞர். படமெடுக்கும் நேரம் நிமிடக் கணக்கு. தறியில் உட்காருபவரின் வலியோ ஆண்டுக் கணக்கு. முதல் கடிகாரம் வினாடியிலும், இரண்டாவது நிமிடத்திலும், இது மாதங்களிலும் ஓடுகிறது. அமிக்டலா 10 நிமிடம் அடங்கியதால் ஆறு மாதத்தில் இடுப்புவலி குறையும் என்று நேராகத் தாவ முடியாது. அதை அறிய நோயாளிகளிடமே சோதிக்க வேண்டும்.

அத்தகைய பெரிய சோதனை ஒன்று ஜெர்மனியில் நடந்தது. முடிவு 2007இல் வெளிவந்தது. நெடுநாள் இடுப்புவலியுள்ள 1,162 பேரை மூன்று குழுக்களாகச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மரபுப்படி ஊசி. இரண்டாவது குழுவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி ஊசி. மூன்றாவது குழுவுக்கு மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான மருத்துவம். ஆறு மாதம் கழித்துக் குறிப்பிட்ட அளவு தேறியவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 47.6, இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுபவர் ஊசியின் வெற்றியைப் பேசுவார். முதலையும் இரண்டாவதையும் மட்டும் காட்டுபவர் எல்லாம் ஏமாற்று என்பார். மூன்றையும் காண்பவருக்குத் தெரிவது இது: ஊசி மருத்துவம் பெற்றவர்களில் பலர் தேறினார்கள், ஆனால் புள்ளி எது என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. ஊசிக் குழுவினர் தாங்கள் புதிய சிகிச்சை பெறுவதை அறிந்திருந்தார்கள். வழக்கமான மருத்துவம் பெற்றவர்கள் அதைத் தாங்கள் பெறவில்லை என்பதை அறிந்திருந்தார்கள். நம்பிக்கை, மருத்துவர் தரும் நேரம், தோலில் குத்தும் உணர்ச்சி இவற்றுக்குப் பங்கு உண்டு. 2006இல் சாங் ஹீ சோவும் உடனாசிரியர்களும் வந்தடைந்த முடிவோடு இது ஒத்துப் போவதைக் கவனியுங்கள்.

இங்கே நம் நாட்டில் பிரபலமான மற்றொரு 'கடிகாரத்தை'யும் தொட்டுச் செல்ல வேண்டும். விடியற்காலை 3 முதல் 5 வரை நுரையீரல், 5 முதல் 7 வரை பெருங்குடல், 7 முதல் 9 வரை இரைப்பை என்று உறுப்புகளுக்கு இரண்டிரண்டு மணி நேரம் பங்கிடும் அட்டவணை அது. உடலுக்குள் நாள்கடிகாரம் இருப்பது உண்மையே; அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோர் 2017இல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்தக் கடிகாரம் எல்லா உறுப்புகளிலும் ஒரே சமயத்தில் ஓடுகிறது. முறைவைத்து உறுப்புக்கு உறுப்பு மாறுவதில்லை. நோபெல் பரிசைக் காட்டி அட்டவணையை நம்பச் சொல்வது, சூரிய கிரகணக் கணக்கைக் காட்டி ராகுகாலத்தை நம்பச் சொல்வதற்குச் சமம். மூளைப் பட ஆய்வாளர் இதிலிருந்து கற்க வேண்டியது வேறு: காலையில் படமெடுத்தவரையும் மாலையில் படமெடுத்தவரையும் கவனமின்றி ஒப்பிடக் கூடாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

மூளைப் படம் ஒன்றை யாரேனும் நம்முன் விரித்தால், அது ஊசியைப் பற்றியதானாலும் தியானத்தைப் பற்றியதானாலும் மருந்தைப் பற்றியதானாலும், நான்கு கேள்விகள் போதும். எத்தனை பேரிடம் எடுத்தது? போலியான சிகிச்சை பெற்றவர்களின் படம் எங்கே? தொடங்கும் முன் எவ்வளவு நேரம், முடிந்த பின் எவ்வளவு நேரம் எடுத்தார்கள்? வேறு ஆய்வுக்கூடம் அதே விடையைக் கண்டதா? இவற்றுக்கு விடையில்லையேல் அந்தப் படம் சுவரில் மாட்டத் தகும். சிகிச்சையை முடிவு செய்யத் தகாது.

தறியில் உட்காரும் ஒருவர் இடுப்புவலிக்காக ஊசி மருத்துவரிடம் சென்று ஆறுதல் பெற்றால் அதைத் தடுக்க நமக்கு நியாயமில்லை. ஊசி புதிதாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். காலில் மரத்துப் போதலோ வலுக்குறைவோ கண்டால் முதலில் எலும்பு, நரம்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் 'மூளைப் படமே நிரூபித்துவிட்டது' என்று சொல்லி, சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உட்கொள்ளும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவரானாலும், அவர் காட்டும் படத்தின் ஆண்டு 1998தானா என்று கேளுங்கள். ஆம் என்றால், 2006இல் நடந்ததை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.